உஷார்! பில்ட் பச்சை காட்டும், படம் காணாமல் போயிருக்கும்

பெரிய கையேட்டை ஒரே ஃபைலாக வைக்காமல், இருபது முப்பது எக்ஸ்எம்எல் துண்டுகளாகப் பிரித்து வேலை செய்கிறீர்களா? டாக்புக், டிட்டா எதுவானாலும் சரி. கடைசியாக ஓட்டிய பில்ட் எரர் இல்லாமல் முடிந்தது என்பதை மட்டும் நம்பி அந்த பிடிஎஃபை அச்சகத்துக்கோ வாடிக்கையாளருக்கோ அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு படமும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் அங்கே வெற்றிடம் இருக்கலாம். அதைவிட மோசமாக, வேறொரு படம் இருக்கலாம்.

சும்மா பயமுறுத்தவில்லை. இந்தக் கருவிகள் வேலை செய்யும் விதமே அப்படித்தான். டாக்புக்கிலிருந்து பிடிஎஃப் எடுக்கப் பலரும் பயன்படுத்துவது அப்பாச்சி எஃப்ஓபி. ஒரு படம் கிடைக்காவிட்டால் அது லாகில் ‘படம் காணவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். வேலையை நிறுத்தாது. பிடிஎஃப் பிறந்துவிடும். பக்க எண், பொருளடக்கம், படத்தின் தலைப்பு எல்லாம் சரியாக இருக்கும். படம் மட்டும் இருக்காது. எச்டிஎம்எல்லில் நிலைமை இன்னும் மோசம். ஸ்டைல்ஷீட் பட முகவரியை எழுதிக் கொடுப்பதோடு சரி. அந்த முகவரியில் ஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை. உடைந்த பட அடையாளத்தை முதலில் பார்க்கப்போகிறவர் உங்கள் வாசகர்தான். இபப்பில் மட்டும் கொஞ்சம் நிம்மதி. இபப்செக் என்ற சோதனைக் கருவியை ஓட்டினால், இல்லாத படத்தை எரர் என்றே சொல்லிவிடும். ஆனால் அதை நீங்கள் ஓட்டினால்தான் உண்டு.

வேலிடேஷன் எதைப் பார்ப்பதில்லை?

‘வேலிடேட் செய்துவிட்டோமே’ என்று சொல்லாதீர்கள். டாக்புக் 5-இன் ஸ்கீமாவில், படத்தின் முகவரியைத் தாங்கும் ஃபைல்ரெஃப் என்ற அட்ரிபியூட்டுக்கு ‘எனியுஆர்ஐ’ என்று வகை வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட எதை எழுதினாலும் அந்த வகை ஏற்றுக்கொள்ளும். அதற்கு முந்தைய 4-ஆம் வரிசை டிடிடியில் அது வெறும் எழுத்துச் சரம்தான். எந்த எலிமென்டுக்குள் எது வரலாம் என்பதை ஸ்கீமா கறாராகப் பார்க்கும். டிஸ்க்கில் அந்த ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கவே பார்க்காது. எழுத்துப்பிழையோடு எழுதிய படப் பெயரும் வேலிட். போன வருடம் யாரோ அழித்துவிட்ட படத்தின் பெயரும் வேலிட்.

ஆக, பட முகவரியை வழியில் எந்தக் கருவியும் தானாகச் சோதித்துப் பில்டை நிறுத்துவதில்லை. நீங்கள் சோதித்தால்தான் உண்டு. இனி வரும் ஆபத்துகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

எங்கிருந்து எண்ணுவது?

‘மூன்றாவது தெரு, இடது பக்கம்’ என்று வழி சொன்னால் போதுமா? எந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து என்றும் தெரிய வேண்டாமா? ரிலேட்டிவ் பாத்தும் அப்படித்தான். ஒரே ஃபைலாக இருந்தவரை தொடக்கப் புள்ளி ஒன்றுதான். துண்டு துண்டாகப் பிரித்த பிறகு அந்தப் புள்ளி ஒவ்வொரு கட்டத்திலும் நகர்கிறது.

ஒரு உதாரணம். தலைமை ஃபைல் ‘நூல்’. அதற்குக் கீழே ‘நிறுவுதல்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘பாடம்’ என்ற துண்டு ஃபைலும் ‘படங்கள்’ என்ற ஃபோல்டரும் இருக்கின்றன. (படிக்க வசதியாகப் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன். நிஜத் திட்டத்தில் அப்படி வைக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.) பாடத்துக்குள் ‘படங்கள்/வால்வு.பிஎன்ஜி’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாடம் இருக்கும் இடத்திலிருந்து எண்ணினால் படம் கிடைக்கும். நூல் இருக்கும் இடத்திலிருந்து எண்ணினால் ‘நிறுவுதல்/படங்கள்/வால்வு.பிஎன்ஜி’ என்று எழுதியிருக்க வேண்டும். எது சரி என்பது, துண்டை நூலோடு எப்படிச் சேர்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

பழைய வழி எக்ஸ்டெர்னல் என்டிட்டி. அதில் பாடத்தின் உள்ளடக்கம் அப்படியே நூலுக்குள் வந்துவிடும். எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்ற அடையாளம் ஆவணத்தில் ஒட்டாது. அதனால் எல்லா முகவரியையும் நூலின் இடத்திலிருந்து எண்ணி எழுதுவதுதான் பத்திரம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸின் கையேடு இன்றும் இந்த வழியில்தான் நடக்கிறது. அத்தியாயங்களை எல்லாம் ஃபைல்லிஸ்ட் என்ற ஒரே ஃபைலில் என்டிட்டிகளாக அறிவித்திருக்கிறார்கள். படங்கள் எல்லாம் இமேஜஸ் என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. பார்க்கப் பழைய பாணி, ஆனால் தொடக்கப் புள்ளி ஒன்றே ஒன்று என்பதால் குழப்பம் இல்லை.

புதிய வழி எக்ஸ்இன்க்ளூட். டபிள்யூ3சி இதை 2004 டிசம்பரில் பரிந்துரையாக வெளியிட்டது. வேறு இடத்திலிருந்து ஒரு துண்டு வந்தால், ‘நான் இந்த இடத்திலிருந்து வந்தேன்’ என்று சொல்லும் எக்ஸ்எம்எல்:பேஸ் என்ற அட்ரிபியூட்டை அந்தத் துண்டின் தலை எலிமென்டில் எக்ஸ்இன்க்ளூட் தானே ஒட்டிவிடும். அதைப் படிக்கத் தெரிந்த ஸ்டைல்ஷீட், படத்தைப் பாடத்தின் இடத்திலிருந்து எண்ணிக் கண்டுபிடித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று இடங்களில் காலை வாரும்.

முதலாவது, அந்த ஒட்டுதலை நிறுத்தும் சுவிட்ச். எக்ஸ்எம்எல்:பேஸை அனுமதிக்காத பழைய டிடிடியோடு வேலிடேட் செய்தால் எரராகக் கொட்டும். அதை அடக்க, எக்ஸ்எம்எல்லின்ட்டில் ‘நோஃபிக்ஸப்-பேஸ்-யுஆர்ஐஸ்’ என்ற ஆப்ஷனை யாராவது போட்டுவைப்பார்கள். ஜாவாவின் செர்செஸ் பார்சரிலும் இதற்கு இணையான அமைப்பு உண்டு. போட்டதும் எரர் போய்விடும், கூடவே படங்களும். உங்கள் பில்ட் ஸ்கிரிப்டில் இந்த ஆப்ஷன் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, எக்ஸ்எம்எல்:பேஸைக் கையால் எழுதுகிறவர்கள் விழும் குழி. ‘நிறுவுதல்’ என்று முடிப்பதும் ‘நிறுவுதல்/’ என்று சாய்கோட்டோடு முடிப்பதும் ஒன்றல்ல. யுஆர்ஐ இலக்கணத்தை வகுத்த ஆர்எஃப்சி 3986-இன் விதிப்படி, கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது கழற்றப்பட்ட பிறகுதான் புதிய முகவரி ஒட்டும். சாய்கோடு இல்லையென்றால் ‘நிறுவுதல்’ என்பதே கழன்றுவிடும். ஒரே ஒரு கோடுதான், மொத்த அத்தியாயத்தின் படங்களும் போய்விடும்.

மூன்றாவது, எடிட்டர். நூலின் இடத்திலிருந்து எண்ணி முகவரி எழுதும் திட்டத்தில், பாடத்தை மட்டும் தனியாகத் திறந்தால் எடிட்டரில் படம் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர் ‘முகவரி தப்பு’ என்று நினைத்துத் திருத்துவார். எடிட்டரில் படம் வந்துவிடும். பில்டில் போய்விடும். அடுத்தவர் வந்து பழையபடி மாற்றுவார். விதியை எழுதிவைக்காத குழுக்களில் இந்தத் திருத்தப் போர் ஓய்வதே இல்லை.

ஒரே மூலம், இரண்டு பதில்

பிடிஎஃபில் எல்லாப் படமும் இருக்கிறது, எச்டிஎம்எல்லில் பாதி இல்லை. அல்லது நேர்மாறாக. மூலம் ஒன்றுதானே, எப்படி? டாக்புக் எக்ஸ்எஸ்எல் ஸ்டைல்ஷீட்டுகளில் ‘கீப் ரிலேட்டிவ் இமேஜ் யுஆர்ஐஸ்’ என்று ஒரு பாராமீட்டர் இருக்கிறது. அதன் மதிப்பு 1 என்றால், நீங்கள் எழுதிய முகவரியை ஸ்டைல்ஷீட் தொடாமல் அப்படியே வெளியீட்டில் போடும். 0 என்றால், எக்ஸ்எம்எல்:பேஸைச் சேர்த்துக் கணக்கிட்டுப் போடும். எச்டிஎம்எல்லுக்கு இதன் இயல்பு மதிப்பு 1, பிடிஎஃபுக்குப் போகும் எஃப்ஓ வழிக்கு 0. துண்டுகளை வெவ்வேறு ஃபோல்டர்களில் வைத்து எக்ஸ்இன்க்ளூட் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும், இரண்டு வெளியீடும் இரண்டு விதமாக வரும். ஒன்றைப் பார்த்துத் திருப்தியடைந்து மற்றதை வெளியிடாதீர்கள்.

இதோடு ‘இமேஜ் சோர்ஸ் பாத்’ என்ற இன்னொரு பாராமீட்டர், எல்லா ரிலேட்டிவ் முகவரிக்கும் முன்னால் ஒரு ஃபோல்டர் பெயரை ஒட்டும். மூலத்தில் ஏற்கெனவே ‘படங்கள்/’ என்று எழுதியிருந்து, பாராமீட்டரிலும் ‘படங்கள்/’ என்று கொடுத்தால், ‘படங்கள்/படங்கள்/வால்வு.பிஎன்ஜி’ என்று வரும். யாரும் எரர் சொல்லமாட்டார்கள்.

பில்ட் லாகில் இன்னொரு எச்சரிக்கையைப் பலரும் பார்த்துப் பார்த்துப் பழகி, கண்ணில் படாமலே கடந்துபோகிறார்கள். டாக்புக் 5 ஆவணத்தை, நேம்ஸ்பேஸ் அறியாத பழைய ஸ்டைல்ஷீட்டில் ஓட்டினால், அது முதலில் நேம்ஸ்பேஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கும். அப்போது ‘தலை எலிமென்டில் எக்ஸ்எம்எல்:பேஸைச் சேர்க்க முடியவில்லை, ரிலேட்டிவ் பாத்கள் வேலை செய்யாமல் போகலாம்’ என்ற பொருளில் ஒரு வார்னிங் வரும். கருவி இவ்வளவு தெளிவாக வாய்விட்டுச் சொல்வதே அபூர்வம். அதை அலட்சியம் செய்யாதீர்கள். டாக்புக் 5-க்கென்றே நேம்ஸ்பேஸ் அறிந்த ஸ்டைல்ஷீட் தொகுப்பு தனியாக இருக்கிறது, அதற்கு மாறுங்கள்.

இடைநிலை ஃபைலும் ஆபத்துதான். எக்ஸ்இன்க்ளூட் எல்லாவற்றையும் விரித்து, அல்லது ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் தேவையான பகுதிகளை வடிகட்டி, கிடைத்ததைத் தற்காலிக ஃபோல்டரில் எழுதிவிட்டு அங்கிருந்து அடுத்த கட்டத்தை ஓட்டுகிறீர்களா? விரித்த ஃபைலில் உள்ள எக்ஸ்எம்எல்:பேஸ் பெரும்பாலும் ரிலேட்டிவாகத்தான் எழுதப்பட்டிருக்கும். ஃபைல் இடம் மாறினால் தொடக்கப் புள்ளியும் மாறும். மொத்தப் படங்களும் ஒரே நேரத்தில் தொலையும். இடைநிலை ஃபைலைத் தலைமை ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் எழுதுங்கள்.

படம் தானாகக் கூட வராது

டாக்புக் ஸ்டைல்ஷீட் எச்டிஎம்எல்லை நீங்கள் சொல்லும் ஃபோல்டரில் எழுதும். படங்களை அங்கே நகலெடுக்காது. அது உங்கள் மேக்ஃபைலின் வேலை. எழுதியவரின் கம்ப்யூட்டரில் பழைய நகல் ஏற்கெனவே அங்கே கிடப்பதால் எல்லாம் சரியாகவே தெரியும். சர்வரில் புதிதாக ஓடும்போதுதான் குட்டு உடையும்.

நீங்கள் வரையாத படங்களும் இருக்கின்றன, கவனம். நிரல் வரிகளுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 1, 2, 3 என்று வரும் கால்அவுட் எண்கள் எச்டிஎம்எல்லில் இயல்பாகவே படங்கள்தான். ‘எச்சரிக்கை’, ‘குறிப்பு’ போன்ற பெட்டிகளுக்கு ஐகான் வேண்டும் என்று அமைத்தால் அவையும் படங்களே. இவை ஸ்டைல்ஷீட் தொகுப்போடு வருபவை. அவற்றையும் நகலெடுத்தாக வேண்டும். மின்சார அதிர்ச்சி பற்றிய எச்சரிக்கைக்குப் பக்கத்தில் உடைந்த பட அடையாளம் இருந்தால் அந்தக் கையேட்டை யார் நம்புவார்கள்?

டிட்டா பக்கம் இருப்பவர்களுக்கு: ஐபிஎம் உருவாக்கி, 2005-இல் ஓயாசிஸ் தரமான டிட்டாவில், படத்தின் முகவரி அது எழுதப்பட்ட ஃபைலின் இடத்திலிருந்தே எண்ணப்படுகிறது. கான்ரெஃப் மூலம் ஒரு பகுதியை வேறு இடத்துக்கு இழுத்தாலும் டிட்டா ஓபன் டூல்கிட் முகவரியைத் திருத்திக்கொள்ளும். ஆனால் மேப் ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்கு வெளியே, ‘../பொது/படங்கள்’ என்று மேலே ஏறிப் போய்ப் படம் எடுத்தால் சிக்கல். அந்த வெளி ஃபைல்கள் வெளியீட்டில் எங்கே போய் விழும் என்பது டூல்கிட்டின் அமைப்பைப் பொறுத்தது. ‘அவுட்டர் கன்ட்ரோல்’ என்ற பாராமீட்டரை ‘ஃபெயில்’ என்று வைத்தால், இப்படி வெளியே போகும் இணைப்பு வந்த உடனே பில்ட் நின்றுவிடும். அப்படியே வையுங்கள்.

தொலைவதைவிட மோசம், மாறிப்போவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. படங்களை நகலெடுக்கும் ஸ்கிரிப்ட், எல்லாத் துணை ஃபோல்டர்களிலும் உள்ளதை வாரி ஒரே ஃபோல்டரில் போடுகிறது என்று வையுங்கள். ‘நிறுவுதல்’ அத்தியாயத்தில் ஒரு ‘படம்1.பிஎன்ஜி’. ‘பழுதுபார்த்தல்’ அத்தியாயத்தில் இன்னொரு ‘படம்1.பிஎன்ஜி’. பின்னால் நகலெடுத்தது முன்னால் இருந்ததை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இப்போது முகவரி சரி, ஃபைல் இருக்கிறது, லாகில் ஒரு வரிகூட வராது. உடைந்த அடையாளமும் இல்லை. நிறுவும் பக்கத்தில் பழுதுபார்க்கும் படம் தெரியும். எந்த வால்வைத் திறக்க வேண்டும் என்று அந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கிற ஆப்பரேட்டரை நினைத்துப் பாருங்கள்.

தொலைந்த படத்தை ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்கும். மாறிப்போன படத்தை மனிதக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். வராமல் தடுக்க ஒரே வழி, திட்டம் முழுவதிலும் ஒரு படப் பெயர் ஒரே முறைதான் வரலாம் என்ற விதி. விமானம், பாதுகாப்புத் துறைக் கையேடுகளுக்கான எஸ்1000டி தரம் இதை முதலிலேயே புரிந்துகொண்டது. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் ஐசிஎன் என்ற தனி அடையாள எண் உண்டு. பாடத்துக்குள் எழுதப்படுவது அந்த எண்தான், ஃபோல்டர் வழி அல்ல.

பெயரிலேயே இருக்கும் கண்ணிகள்

பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா? டிஸ்க்கில் படத்தின் பெயர் பெரிய ‘பி’யில் தொடங்குகிறது, எக்ஸ்எம்எல்லில் சிறிய ‘பி’. விண்டோஸும், இயல்பான அமைப்பிலுள்ள மேக்கும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் சர்வர் எடுத்துக்கொள்ளாது. கேமராவும் ஸ்கேனரும் எக்ஸ்டென்ஷனைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுவதும் உண்டு. கிட்டில் பெயரின் எழுத்தளவை மட்டும் மாற்றிவிட்டு ‘கமிட் செய்தாயிற்று’ என்று இருக்காதீர்கள். விண்டோஸிலும் மேக்கிலும் அந்த மாற்றத்தை கிட் கவனிக்காமலே போகலாம். ‘கிட் மூவ்’ கட்டளையால் மாற்றுங்கள்.

பின்சாய்கோடு. விண்டோஸ் பழக்கத்தில் பின்சாய்கோட்டால் பிரித்து எழுதிய முகவரி, யுஆர்ஐ இலக்கணத்தில் முகவரியே இல்லை. ‘சி:’ என்று டிரைவ் எழுத்தோடு தொடங்கினால், ‘சி’ என்ற பெயரில் ஏதோ ஒரு நெறிமுறை என்று எடுத்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. டாக்புக்கின் எச்டிஎம்எல் ஸ்டைல்ஷீட், முகவரியில் எங்காவது முக்காற்புள்ளி இருந்தாலே அதை முழு முகவரி என்று கருதிவிடும்.

இடைவெளியும் குறிகளும். பெயருக்கு நடுவே உள்ள இடைவெளியை யுஆர்ஐயில் சதவீதக் குறியும் 20-ம் சேர்த்து எழுத வேண்டும். ஒரு கருவி மாற்றும், இன்னொன்று மாற்றாது, மூன்றாவது மாற்றியதையே மறுபடி மாற்றும். ஹாஷ் குறி வந்தால் அதற்குப் பின்னால் உள்ளது பெயராகவே கருதப்படாது.

தமிழில் படப் பெயர் வைக்கும் ஆசை. இங்கேதான் நம்மவர்கள் தனியாக உஷாராக வேண்டும். ‘கொதிகலன்’ என்று பெயர் வைக்கிறீர்கள். ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். இரண்டும் தரப்படி சமம், கண்ணுக்கும் ஒன்றுதான். பைட்டுகள் மட்டும் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் அமைப்பு, பெயரை இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். விசைப்பலகையில் தட்டிய எக்ஸ்எம்எல்லில் ஒரே குறியெண்ணாக இருக்கும். லினக்ஸ் சர்வர் பைட் பைட்டாக ஒப்பிடுவதால் ‘இல்லை’ என்று கைவிரித்துவிடும். நீங்கள் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் தவறு தெரியாது. இதே சொல்லை யுஆர்ஐக்குள் சதவீதக் குறிகளாக மாற்றினால் ஒரு வடிவம் 72 எழுத்து நீளம், மற்றது 81. தமிழை உள்ளடக்கத்தில் தாராளமாக எழுதுங்கள். ஃபைல் பெயரில் சிறிய ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு, இவற்றோடு நில்லுங்கள்.

நீளம். விண்டோஸில் முழு முகவரிக்கு நெடுங்காலமாக இருக்கும் வரம்பு 260 எழுத்து. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போகும் திட்டங்கள், சக ஊழியர் ஒருவரின் கம்ப்யூட்டரில் மட்டும் உடைவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

உங்கள் கம்ப்யூட்டரின் விலாசம் ஊருக்கே தெரியும்

எப்படியாவது படம் வந்தால் போதும் என்று முழு முகவரியை எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் கம்ப்யூட்டரில் படம் அழகாகத் தெரியும், உலகத்தில் வேறு எங்கும் தெரியாது. அது மட்டுமா? அந்த முகவரிக்குள் அவர்களுடைய யூசர் பெயர், நிறுவனத்தின் உள் சர்வர் பெயர், இன்னும் அறிவிக்காத தயாரிப்பின் பெயர் எல்லாம் இருக்கலாம். எச்டிஎம்எல்லில் அது யாரும் படிக்கும்படி வெளியே போகிறது.

எஸ்விஜி படங்களைத் தனியாகக் கவனியுங்கள். எஸ்விஜியும் எக்ஸ்எம்எல்தான். அதற்குள்ளே இன்னொரு பிஎன்ஜியை இணைத்திருக்கலாம். அந்த இணைப்பு எஸ்விஜி இருக்கும் இடத்திலிருந்து எண்ணப்படும். எஸ்விஜியை மட்டும் நகலெடுத்தால் உள்ளே ஓட்டை விழும். இன்க்ஸ்கேப்பில் படத்தை இணைத்தால், முழு முகவரியையும் ஒரு அட்ரிபியூட்டில் சேமித்து வைக்கிற வழக்கம் அதற்கு உண்டு. இணைக்காமல் உள்ளேயே பதித்துவிடுங்கள்.

சத்தமில்லாமல் மறையும் அத்தியாயம்

படம் போவதாவது பரவாயில்லை, துண்டே போனால்? எக்ஸ்இன்க்ளூட் கேட்ட ஃபைல் இல்லை என்றால் விதிப்படி அது பெரிய எரர், வேலை நிற்க வேண்டும். ஆனால் உள்ளே ‘ஃபால்பேக்’ என்ற எலிமென்ட் காலியாக இருந்தாலும் போதும், எரரே வராது. அத்தியாயம் இருந்த சுவடே தெரியாமல் நூல் வந்துவிடும். ‘இன்னும் எழுதவில்லை, தற்காலிகமாக இருக்கட்டும்’ என்று போட்ட ஃபால்பேக்குகளைத் தேடி எடுத்துவிடுங்கள்.

ஒரே துண்டை இரண்டு இடத்தில் சேர்த்தால் அதன் ஐடிகளும் இரண்டு முறை வரும். வேலிடேஷனில் அது எரர். அதை அடக்க வேலிடேஷனையே நிறுத்திவிடுவது இன்னொரு பொல்லாத பழக்கம்.

இணையத்தில் இருக்கும் டிடிடி முகவரியையும் சும்மா விடாதீர்கள். உலகெங்கும் கருவிகள் ஒவ்வொரு முறையும் டிடிடியை இறக்கிக்கொண்டிருந்ததால், ஒரு நாளைக்கு 13 கோடி வரை கோரிக்கைகள் வருவதாக டபிள்யூ3சி 2008-இல் பகிரங்கமாகப் புலம்பியது, அளவு மீறுபவர்களைத் தடுக்கவும் செய்தது. எக்ஸ்எம்எல் கேட்டலாக் என்ற ஏற்பாடு 2005-லிருந்தே ஓயாசிஸ் தரமாக இருக்கிறது. இணைய முகவரியை உள்ளூர் ஃபைலுக்குத் திருப்பிவிடும். ஆனால் கேட்டலாக் இருக்கிறதே என்று பட முகவரியையும் அதன் தலையில் கட்டாதீர்கள். உங்கள் வாசகரின் பிரவுசர் உங்கள் கேட்டலாக்கைப் படிக்காது.

கிடைத்தும் கெடுக்கும் படம்

படம் கிடைத்தாலும் அளவு கெடுக்கலாம். 1200 பிக்சல் அகலமுள்ள ஸ்கிரீன்ஷாட்டில் ரெசல்யூஷன் குறிப்பு இல்லை என்றால், எஃப்ஓபி அதை அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று எடுத்துக்கொள்ளும். அதாவது 16.7 அங்குலம். ஏ4 தாளின் மொத்த அகலமே 8.27 அங்குலம்தான். பாதிப் படம் தாளுக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு படத்துக்கும் அகலத்தை எழுதுங்கள். இணையத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று இரண்டு வடிவம் வைத்திருந்தால், ரோல் அட்ரிபியூட்டால் பிரித்துக் காட்டுங்கள். எக்ஸ்டென்ஷனை எழுதாமல் விட்டு ஸ்டைல்ஷீட்டை ஊகிக்கவிடாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை

1. முகவரியை எங்கிருந்து எண்ணுவது என்பதைக் குழுவாக ஒருமுறை முடிவு செய்யுங்கள். துண்டின் இடத்திலிருந்தா, நூலின் இடத்திலிருந்தா? எதுவும் சரிதான், இரண்டும் கலந்தால்தான் நாசம். முடிவைத் திட்டத்தின் ரீட்மீ ஃபைலில் முதல் பத்தியிலேயே எழுதிவையுங்கள்.

2. எக்ஸ்இன்க்ளூடை விரித்த பிறகு எல்லா ஃபைல்ரெஃபையும் எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் பேஸோடு சேர்த்துக் கணக்கிட்டு, டிஸ்க்கில் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு ஸ்கிரிப்டை எழுதுங்கள். முகவரியைக் கணக்கிடும் ஃபங்ஷன்கள் எக்ஸ்பாத் 2.0-வில் இருக்கின்றன. ஒரு படம் இல்லை என்றாலும் பில்ட் நிற்க வேண்டும்.

3. அந்தச் சோதனையை லினக்ஸில் ஓட்டுங்கள். விண்டோஸிலோ மேக்கிலோ ‘ஃபைல் இருக்கிறதா’ என்று கேட்டால், எழுத்தளவு தவறியிருந்தாலும் ‘இருக்கிறது’ என்றே பதில் வரும்.

4. ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தாலும் பில்ட் நிற்கட்டும்.

5. எஃப்ஓபி லாகில் ‘படம் காணவில்லை’ என்ற வரி வந்தால் அதை எரராக்குங்கள். வார்னிங்குகளைக் குவியவிடாதீர்கள். நூறு வார்னிங்குக்கு நடுவே நூற்றியொன்றாவதை யாரும் படிக்கமாட்டார்கள்.

6. வெளியீட்டுக்கு முன், வேறொரு ஃபோல்டரில் புதிதாக கிட் குளோன் எடுத்து, அங்கிருந்து பில்ட் செய்யுங்கள். பழைய நகல்களின் தயவில் ஓடும் பில்ட் அங்கே ஓடாது.

7. வெளியீட்டில் ‘ஃபைல்:’ என்று தொடங்கும் முகவரிகளையும் உங்கள் யூசர் பெயரையும் தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் அனுப்பாதீர்கள்.

8. டிட்டாவில் இருப்பவர்கள், 1.2 பதிப்பிலிருந்து, அதாவது 2010 முதல், கிடைக்கும் கீரெஃபைப் பயன்படுத்துங்கள். பாடத்தில் சாவிப்பெயர் மட்டும் இருக்கும். படம் இடம் மாறினால் மேப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

9. பழைய படங்களை ஃபோல்டரில் விட்டுவைக்காதீர்கள். எந்தத் துண்டும் கேட்காத படங்களின் பட்டியலை அதே ஸ்கிரிப்டிலிருந்து எடுத்து அகற்றுங்கள். இன்று யாரும் கேட்காத பழைய வரைபடம், நாளை யாரோ தவறிக் கேட்கும்போது தயாராக வந்து நிற்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு ‘எங்கள் திட்டத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று தோன்றினால், ஒரு காரியம் செய்யுங்கள். ஏதாவது ஒரு படத்தின் பெயரை வேண்டுமென்றே மாற்றிவிட்டு பில்டை ஓட்டுங்கள். அது நின்று, எந்தப் பாடத்தில் எந்தப் படம் இல்லை என்று சொன்னால் நீங்கள் தப்பித்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் பச்சை காட்டினால், இதுவரை அனுப்பிய ஒவ்வொரு கையேட்டையும் திறந்து பாருங்கள். பட முகவரிச் சோதனையைப் பில்டில் சேர்க்கும்வரை அடுத்ததை அனுப்பாதீர்கள்.